ஓடைப் பாலத்துக்கு ஒரு திறப்பு விழா

— இடிக்கணும்னு செவப்புப் பெயிண்ட்ல குறி போட்டதும் நீங்கதான். இப்பத் திறந்து வைக்கணும்னு மாலைக்கு அளவெடுக்க வந்து நிக்கதும் நீங்கதான். ஏலே வினோத், இதுல எதுக்குலே நான் கும்பிடு போடணும்?

— முத்துப்பேச்சி அக்கா, டென்ஷன் ஆகாதீங்க. குறி போட்டது ஓவர்சியர். நான் அமைச்சரோட உதவியாளர். அது வேற டிபார்ட்மெண்ட், இது வேற டிபார்ட்மெண்ட்.

— ரெண்டு பேரும் ஒரே ஜீப்புலதான வந்து எறங்குனீக?

— டீசல் மிச்சம்க்கா.

— ஆகா! தங்கையே, இதைக் கவனிக்க வேண்டும்! தடுக்கின்ற கையும் திறக்கின்ற கையும் ஒரே சட்டைக்குள்ளிருந்து நீளுகின்றன. பூட்டுப் போடுகிறவனே சாவியையும் விற்கிறான். அந்த வியாபாரத்துக்கு அரசாங்கம் என்று பெயர் சூட்டி, அதற்கு நம்மையே வரியும் கட்டச் சொல்கிறான்!

— தங்கச்சாமி அண்ணாச்சி, இது மேடை இல்ல, ஓடைக்கரை. செத்த மெதுவாப் பேசுங்க. எருமை மெரளுது.

— எருமை மிரளட்டும் அம்மா! மனிதன் மிரளாமல் இருந்தால் போதும்.

— அண்ணாச்சி பேச்சுன்னா எனக்கு உசுரு. புதுப்பட்டிச் சந்தையில நீங்க பேசுனதை எங்கப்பா தோள்ல ஒக்காந்து கேட்டவன் நான்.

— கேட்டுமா இந்த வேலைக்குப் போனாய்?

— கேட்டு முடிச்சதும் பசிச்சுது அண்ணாச்சி.

— சரி, வெட்டிப்பேச்சு வேண்டாம். மாரிச்சாமி மகன்னுதான் ஒன்னைய நிக்க வச்சுப் பேசுதேன். அமைச்சருக்கு எங்க ஓடை மேல திடீர்னு என்னலே பாசம்?

— சிம்பிள் மேட்டர்க்கா. வியாழக்கிழமை ராஜபாளையத்துல அவருக்கு வேண்டப்பட்டவங்க வீட்டுக் கல்யாணம். வெறும் கல்யாணத்துக்கு வந்தா சொந்தப் பயணம். வழியில எதையாவது திறந்து வச்சா அரசுப் பயணம். மாவட்டம் பூரா தேடிட்டோம், திறக்கறதுக்குத் தோதா ஒண்ணும் அமையல. எல்லாமே பாதியில நிக்கிது. முழுசா முடிஞ்சு நிக்கிறது ஒங்க பாலம் ஒண்ணுதான்.

— அரசு தொட்டது பாதியில் நிற்கிறது. அரசு தொடாதது முழுமையாக நிற்கிறது! இதைச் சொன்னது நானல்ல, அரசின் வாயே சொல்கிறது. தங்கையே, இதைக் கவனிக்க வேண்டும்!

— கவனிச்சுட்டேன் அண்ணாச்சி. வினோத்து, நீயும் கவனி. ராசபாளையத்து மில்லுல கழிச்சுப் போட்ட சிமெண்டுக் குழாயை நாங்க கேட்டு வாங்கியாந்தோம். வீட்டுக்கு ஒரு ஆள்னு எறங்குனோம், ஆம்பளை இல்லாத வீட்டுல பொம்பளை எறங்குனா. எங்க கல்லு, எங்க மண்ணு, எங்க இடுப்பு வலி. இதுல ஒங்க அமைச்சர் திறக்கறதுக்கு என்ன மூடியாவா இருக்கு?

— ரிப்பன் நாங்க கொண்டாருவோம்க்கா.

— திறக்க வேண்டாம்னு சொன்னா?

— சொல்லலாம். ஆனா திறக்கலைன்னா இது நீர்நிலை ஆக்கிரமிப்பு. வெள்ளிக்கிழமை ஜேசிபி வரும். திறந்துட்டா அரசுத் திட்டம். அப்பறம் எவனும் கை வைக்க முடியாது. ஓரத்துல ஒரு கல்வெட்டு மட்டும், ‘மாண்புமிகு அமைச்சர் அவர்களின் சீரிய முயற்சியால்’னு. அம்புட்டுத்தான்.

— முயற்சியா? எந்த முயற்சி? தம்பி, உன் அமைச்சரைத் தனிப்பட்ட முறையில் நான் வெறுக்கவில்லை. அவர் போனால் இன்னொருவர் வருவார். வேட்டியின் கரை மாறும், வழி மாறாது. நான் வெறுப்பது, ஒரு மனிதன் தன் ஓடையைத் தானே கடப்பதற்கு வேறொரு மனிதன் தலையசைக்க வேண்டும் என்ற ஏற்பாட்டை. உழைத்தவன் பெயர் மண்ணுக்குள், தடுத்தவன் பெயர் கல்வெட்டில்! இதற்கு ஒருநாளும் சம்மதிக்க மாட்டோம்!

— சம்மதிக்கேன்.

— தங்கையே!

— சம்மதிக்கேன்னுதான் சொன்னேன். போன மழைக்கு ஓடை பெரண்டு ஓடுறப்ப பிள்ளைத்தாச்சி மாரிக்கனியைக் கட்டிலோட தூக்கிக்கிட்டு இதே எடத்துலதான் எறங்குனோம். அவ பொழைச்சா. வயித்துல இருந்தது பொழைக்கல. இப்ப எம்மக கார்த்திகா மாசமா இருக்கா. ஐப்பசிக்குத் தேதி. ஓடைக்கும் ஐப்பசிதான் தேதி. எனக்குப் பாலம் நிக்கணும் அண்ணாச்சி. அதுல எவன் பேரு இருந்தா எனக்கென்ன?

— கல்லில் பொய்யைச் செதுக்குவதா?

— மேல கல்லுல பொய் இருந்துட்டுப் போகுது. அடியில குழாய் நெசமா இருக்குல்லா?

— சூப்பர்க்கா! இதைத்தான் நான் எதிர்பார்த்தேன்.

— நீ சிரிக்காத, பல்லைத் தட்டிருவேன். கல்வெட்டு என் மொழங்கால் ஒசரத்துக்கு மேல போகக் கூடாது. எருமை ஒரசிக்கிட்டுப் போறதுக்கு அதுதான் தோது.

— வரலாறு உன்னை மன்னிக்காது, தங்கையே. வன்னியம்பட்டி விலக்குச் சாலைச் சந்திப்பில் அன்று நான் ஆற்றிய கண்டன உரையை மறந்தாயா? நண்பகலில் ஏறியவன் பொழுது சாய்ந்த பிறகே இறங்கினேன். மறுநாள் காலையில் இங்கே பாலம் எழுந்து நின்றது! அதுவரை உறங்கிக் கிடந்த ஊர் அது. ஒரே ஓர் உரை அதைத் தட்டி எழுப்பியது!

— அதுல பொய்யே இல்ல அண்ணாச்சி. அன்னைக்கு நீங்க பேசலைன்னா பாலமே இல்ல.

— அண்ணாச்சி, பேச்சுன்னதும் ஞாபகம் வருது. ஒரு சின்ன ஹெல்ப். அமைச்சருக்குப் பேச்சு எழுதிக் குடுக்குற சார் காய்ச்சல்ல படுத்துட்டாரு. வியாழக்கிழமைக்கு ஒரு பக்கம் எழுதித் தர ஆள் இல்ல. ஒங்க தமிழுக்கு இந்தப் பக்கத்துல யாரு இருக்கா?

— என்னிடமா கேட்கிறாய்? அவருக்கு எழுத?

— கோவப்படாதீங்க. பாலம் பெருமை, மக்கள் பெருமைன்னு நாலு வரி.

— எழுதியதை முன்கூட்டியே வாசித்துப் பார்ப்பாரா?

— ஐயோ, அதுக்கெல்லாம் அவருக்கு நேரம் ஏது? மேடையில பேப்பரைக் கையில குடுத்தா அப்படியே வாசிச்சிருவாரு. போன மாசம் ஒரு பள்ளிக்கூடத்துல ‘இங்கே சற்று நிறுத்தித் துண்டைச் சரிசெய்யவும்’னு எழுதியிருந்ததையும் சேத்து வாசிச்சாரு.

— பிள்ளைகள் சிரித்தார்களா?

— கைதட்டுனாங்க. அவரும் துண்டைச் சரிசெஞ்சாரு.

— எழுதித் தருகிறேன்.

— நெசமாவா அண்ணாச்சி?

— வியாழக்கிழமை காலையில் நானே மேடைக்கு வந்து அவர் கையில் தருகிறேன். நீ போய் ஓவர்சியரிடம் சொல்லி அந்தச் சிவப்புக் குறியை அழிக்க வழி பார்.

— பெரிய மனசு அண்ணாச்சி! வாரேன்க்கா. கல்வெட்டு மொழங்கால் ஒசரம்தான், சத்தியம்.

— ...போயிட்டானா?

— ஜீப் திரும்பிவிட்டது.

— அண்ணாச்சி, நான் பொம்பளை, மகளுக்காகத் தலை குனிஞ்சேன். நீங்க எதுக்குக் குனிஞ்சீக? அம்புட்டு வருசமா அரசாங்கத்தை ஏசுன வாயி, அமைச்சருக்குப் பேச்சு எழுதுதேன்னு சொல்லுதே! வெக்கமா இல்ல?

— முதல் வரியைக் கேட்கிறாயா? ‘பெரியோர்களே, தாய்மார்களே! இந்தப் பாலத்தில் என் கல் ஒன்றும் இல்லை; என் வியர்வை ஒரு சொட்டும் இல்லை.’

— என்னது?

— இரண்டாவது வரி: ‘நீங்கள் கட்டியதை இடிக்கச் சொன்னது எங்கள் அரசு. அந்த உத்தரவை இதோ உங்கள் முன்னிலையில் கிழிக்கிறேன்.’ அதற்குக் கீழே, ‘இங்கே கிழிக்கவும்.’ ஓவர்சியர் உன் வீட்டுக் கதவில் ஒட்டினாரே நோட்டீசு, அதைப் பேச்சுத்தாளோடு பின் அடித்துக் கொடுத்துவிடுவேன்.

— ஆத்தாடி! அண்ணாச்சி!

— மூன்றாவது: ‘இனி ஓடையைக் கடக்க எந்தக் குடிமகனும் எந்த நாற்காலிக்கு முன்னும் கைகட்டி நிற்க வேண்டாம், கல்வெட்டிலும் எங்கள் பெயர் வேண்டாம்.’ பத்திரிகைக்காரன் இருப்பான், கேமரா இருக்கும். ஊரறியக் கிழித்த பிறகு எந்த ஜேசிபி வரும்?

— நல்லாத்தான் இருக்கு. ஆனா ரெண்டு வரி வாசிக்கதுக்குள்ள மனுசனுக்கு ஒறைக்காதா? நிறுத்திருவாருல்லா?

— நிறுத்த மாட்டார். அங்கேதான் அரசியல்வாதியின் நோய் இருக்கிறது. கைதட்டல் விழுந்துகொண்டிருக்கும் வரை அவனால் வாயை மூட முடியாது. தான் என்ன சொல்கிறோம் என்று யோசிக்கவும் முடியாது. இன்னொரு கைதட்டலுக்காகத் தன் நாற்காலியையே தூக்கிக் கொடுப்பான். ஒவ்வொரு வரிக்கும் நீங்கள் பெண்களெல்லாம் சேர்ந்து ஓயாமல் கைதட்ட வேண்டும். அதற்குக் கொஞ்சம் பயிற்சி வேண்டும், தங்கையே. சரியான இடத்தில் தொடங்க வேண்டும், தொய்வு விழக் கூடாது. அது எளிதல்ல.

— அதுக்கெல்லாம் பயிற்சி வேண்டாம் அண்ணாச்சி. நல்லாத் தட்டுவோம்.

— எப்படி அத்தனை உறுதியாகச் சொல்கிறாய்?

— நாங்க மம்பட்டியைத் தூக்குனா போதும், ஓவர்சியரும் தலையாரியும் போலீசும் ஓடையில வந்து மறிச்சு நின்னாக. அன்னைக்கு நீங்க விலக்குல மேடையேறுனதும், என்ன பேசப் போறீகன்னு அவிய அம்புட்டுப் பேரும் அங்க வந்து ஒங்களுக்குக் காவல் நின்னாக. நீங்க எறங்கிட்டா அவிய நேரா ஓடைக்குத்தான வருவாக? அதான் ஊருல பாதிப் பேரு ஓடையில எறங்க, மீதிப் பேரு ஒங்க மேடைக்கு முன்னால ஒக்காந்தோம். கடைசிக் குழாயும் எறங்கி மண்ணு தள்ளியாச்சுன்னு போன் வந்த பொறவுதான், அண்ணாச்சி, நாங்க கைதட்டுறதை நிறுத்துனோம்.