இடது பக்கம் இருப்பவள்

உங்கள் ஸ்டேஷன் டீயில் இஞ்சி கொஞ்சம் கம்மி, மேடம். குறையாகச் சொல்லவில்லை. டெல்லி ஜனவரிக்கு இஞ்சியைத் துருவிப் போட்டால் போதாது, தட்டிப் போட வேண்டும். நீங்கள் புசா ரோடு பள்ளியில் தமிழ் படித்தவராக அமைந்தது நல்லதாயிற்று. இதையெல்லாம் இந்தியில் சொல்லியிருந்தால் என் தரப்பு பாதி விலைக்குப் போயிருக்கும்.

ராஜவேலின் சாவு விபத்து என்றுதான் முதலில் எழுதினீர்கள். அப்புறம் என் பட்டறையில் அந்த பில் கிடைத்தது. இருபது வருடமாக வெறும் முகத்தோடு உலோகம் வார்த்தவன், சம்பவத்துக்கு முந்தின நாள் முகக்கவசம் எதற்கு வாங்கினான் என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. பில்லைக் கிழித்துப் போட்டிருக்கலாம்தான். நான் கும்பகோணத்துப் பாத்திரக்கடைக்காரர் மகன். பில்லைக் கிழிக்க எங்களுக்குக் கை வராது.

முனிர்காவில் ஒரு பழைய எருமைக் கொட்டகைதான் என் பட்டறை. மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசிச் சுட்டால் மெழுகு வழிந்து போய்விடும். அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்ற வேண்டும். ஆறியதும் மண்ணை உடைத்தாக வேண்டும், ஆகவே ஓர் அச்சுக்கு ஒரே சிலை. மண் உதிர்ந்து முதலில் ஒரு கன்னம் தெரியும் பாருங்கள், அந்த நிமிஷத்துக்காகத்தான் எல்லாம். நீங்களும் நானும் சாம்பலான பிறகும் அந்தக் கன்னம் யாரோ ஒருவர் வீட்டு மேஜைமேல் இருக்கும். அப்பா ஆயுசுக்கும் விற்ற குடங்களில் ஒன்றுகூட அவருக்கு அந்த நினைப்பைத் தந்ததில்லை.

நான் செய்ததிலேயே நல்லது, என் மனைவி ஜெயலட்சுமியின் சிலை. அவள் இறந்த வருடம் செய்தேன். முழங்காலில் முகவாயை வைத்து உட்கார்ந்திருப்பாள். பதினோரு மாத வேலை, ஒன்பது கிலோ. யார் கேட்டும் கொடுக்கவில்லை.

ராஜவேல் திருநெல்வேலிக்காரன். மத்திய அமைச்சகம் ஒன்றில் செக்ஷன் ஆபீசர், சரோஜினி நகர் குவார்ட்டர்ஸ். ஞாயிற்றுக்கிழமைதோறும் வருவான். டீ குடிப்பான், ஜெயாவின் தோளில் உள்ளங்கையை வைப்பான். "மெஷின்ல இந்த உசுரு வருமாலே?" என்பான். இருபது வருடம் இந்த ஊரில் என் வேலையைப் பார்க்கத் தெரிந்த ஒரே ஆள் அவன் என்று நினைத்திருந்தேன். பார்க்கத் தெரிந்த ஓர் ஆள் போதும், மேடம். அதற்குமேல் கூட்டம்தான்.

போன அக்டோபரில் சரோஜினி நகர் மார்க்கெட்டில் ஜெயாவைப் பார்த்தேன். கழுத்தில் பாசிமாலைகள், தலையில் ஒரு கூலிங் கிளாஸ். யாரோ போன் கேமராவில் சுற்றிச் சுற்றிப் படமெடுத்து, மெஷினில் அச்செடுத்து, ரெசின் பிளாஸ்டிக்கில் வார்த்து, வெண்கல நிறம் அடித்திருக்கிறார்கள். கடைக்காரன், "அங்கிள்ஜி, இது டிஸ்ப்ளே" என்றான். அப்புறம் நானூறு என்றான். நூற்றெண்பதுக்கு முடித்தேன். செத்துப்போன மனைவியின் முகத்தை அவ்வளவு இறக்கியதில், உண்மையைச் சொன்னால், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

திருடியவன்மேல் எனக்குக் கோபமே இல்லை. கடை என்று திறந்தால் திருட்டும் ஒரு செலவு. அவன் யாரென்று விசாரிக்கக்கூட இல்லை.

ஜனவரி முதல் ஞாயிறு, விளையாட்டாகத்தான், அசலை உள்ளே வைத்துவிட்டு ரெசினை அதே இடத்தில் வைத்தேன். ராஜவேல் பார்த்தவுடனே சிரிப்பான், "யாரை ஏமாத்துதே?" என்று அதட்டுவான் என்று காத்திருந்தேன். சிரிப்பதற்குத் தயாராக டீயைக்கூடக் கீழே வைத்துவிட்டேன்.

தோளில் கையை வைத்தான். எடுக்கவேயில்லை.

"எலேய் மதி, இன்னிக்கு இவளுக்கு என்னலே செஞ்சே?"

"ஏன்?"

"இத்தனை நாளா தொட்டா சில்லுனு இருக்கும். இன்னிக்கு வெதுவெதுன்னு இருக்கு. இப்பத்தான்லே நெசமா உசுரு வந்திருக்கு."

கண்கூடக் கலங்கிவிட்டது அவனுக்கு. வெண்கலம் ஜனவரியில் பனிக்கட்டி மாதிரி இருக்கும், பிளாஸ்டிக் அப்படி இருக்காது. அவ்வளவுதான் விஷயம். இன்னொரு டீ ஊற்றிக் கொடுத்தேன். இருபது வருடம் அவன் தந்த பாராட்டெல்லாம் கள்ளநோட்டு என்று அன்றுதான் தெரிந்தது, மேடம். வேறொருவன் என்றால் கடையை மூடியிருப்பான்.

அடுத்த நாள் போன் செய்து, "உன் வீட்டுக்கு ஒரு முருகன் வார்க்கிறேன்" என்றேன். வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தான். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு: சிலை யாருக்கோ, அவர் தன் கையாலேயே உருகும் உலோகத்தில் ஒரு பொட்டுத் தங்கம் போடுவார். சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு வேட்டி கட்டிக்கொண்டு வந்தான். மனைவி வீராயி கழற்றிக் கொடுத்த மூக்குத்தி கையில் இருந்தது. "வீராயி குளிச்சுட்டு சாமி கும்பிட்டுக் குடுத்தா" என்றான்.

அச்சு சூடாகவும் உலர்ந்தும் இருக்க வேண்டும். ஈரத்தில் உருகிய உலோகம் பட்டால் வெடித்து முகத்தில் தெறிக்கும் என்பது இந்தத் தொழிலில் முதல் நாள் தெரிந்துகொள்கிற விஷயம். ராஜவேலின் அச்சை இரண்டு நாள் ஆறவிட்டு, காலையில் அதன் வாய்வழியே ஒரு டீ கிளாஸ் தண்ணீர் ஊற்றியிருந்தேன். மூக்குத்தியைப் போட்டுவிட்டுத் தள்ளி நின்றான். "கிட்ட வந்து பார், உள்ளே இறங்குறதுதான் அழகு" என்றேன். வந்து குனிந்தான். நீண்ட பிடி போட்ட கரண்டியால் நான் ஊற்றினேன். எனக்கு இடது கையில் மட்டும் காயம்.

ஆமாம், நான்தான் செய்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் காரணத்தையும் எழுத வேண்டும். கண் இருந்தும் அசலைத் தெரியாதவன் அதன் தோளில் கை வைக்கக் கூடாது.

பட்டறையிலிருந்து எடுத்து வந்த இரண்டையும் மேஜைமேல் வைத்துவிட்டு, அப்படி என்ன வித்தியாசம் என்று கேட்கிறீர்கள். எழுந்து வரக்கூட வேண்டாம், இந்த நாற்காலியிலிருந்தே சொல்கிறேன். இடது பக்கம் இருப்பவள்தான் என் ஜெயா. அந்தப் பிடரியின் வளைவு போதாதா? பதினோரு மாதம் இந்த விரல்கள் தேய்த்த வளைவு. எந்த மெஷினுக்கும் வராது. வேண்டுமானால் தூக்கிப் பாருங்கள். ஒன்பது கிலோ, பத்திரம், இரண்டு கையும் வேண்டும்.

இரண்டு கையும் என்றேனே, மேடம். ஏன் இரண்டு விரலால் தூக்குகிறீர்கள்?