பாட்டு யாருக்கு?

பகல் 1.10 மணி. மதகடிப்பட்டில் பஸ் ஏறினேன். முன்சீட்டில் இரண்டு பெண்கள், திருபுவனைத் தொழிற்சாலைச் சீருடையில், இரண்டாவது ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"லுத்தரன் சபையோட எல்லா யுனிவர்சிட்டியும் இனிமே எங்க அக்கா சொல்றதத்தான் கேக்கணும்" என்றாள் ஜன்னலோரம் இருந்தவள்.

"இன்னாடி, தலைவர் தேர்தல்ல அதுக்குள்ள ஓட்டு எண்ணிட்டாங்களா?" என்றாள் அவள் தோழி.

"எண்ணிக்கினு இருக்காங்க. போட்டி போடற ரெண்டு பேரையும் ஹாலுக்கு வெளிய நிக்க வச்சிட்டாங்க. ஜெயிச்சவங்கள பாட்டு பாடி உள்ள கூப்புடுவாங்க. அக்கா வீட்டுக்காரரு உள்ளதான் இருக்காரு, எனக்குப் போன் போட்டு கட் பண்ணாம வச்சிருக்காரு."

"எதிர்ல நிக்கிறவரு பிஷப்புக்கு மச்சான். உங்கப்பா கூலிக்குக் கரும்பு வெட்டுனவரு. உங்க அக்காவுக்கு எவன்டி ஓட்டு போடுவான்?"

ஜன்னலோரம் இருந்தவள் போனில் ஸ்பீக்கரை அழுத்தினாள். நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. பிறகு பலர் சேர்ந்து பாடினார்கள். யாருக்காகப் பாடுகிறார்கள் என்று தெரியவில்லை. இருவரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பாட்டு முடிந்தது. மைக்கில் ஒரு பெண்ணின் குரல் வந்தது: "கர்த்தருக்கு ஸ்தோத்திரம். எல்லாரும் உக்காருங்க. ஒரே ஒரு விஷயம். நம்ம ஹாஸ்டல் எல்லாத்துலயும் பொண்ணுங்கள மட்டும் ஆறு மணிக்கு உள்ள வச்சுப் பூட்டறோம். அத மொதல்ல நிறுத்தணும்."

"அக்காடி! எங்க அக்காடி!" ஜன்னலோரம் இருந்தவள் தோழியின் தொடையில் ஓங்கி அடித்தாள்.

திருபுவனை வந்துவிட்டது. கண்டக்டர் ஊர்ப் பெயரை இரண்டு முறை கூவினார். இருவரும் எழவில்லை.

"எறங்குங்கம்மா. யாரு அது போன்ல?"

"எங்க அக்காண்ணே" என்றாள் தோழி, முந்திக்கொண்டு.