யூபிஎஸ் எங்கே பாய்?

— கையை எடுங்க பாய்! சுவிட்ச்ல கை வச்சீங்க, அவ்ளோதான்!

— கரண்ட் வந்துடுச்சு கீதா... ஒரே ஒரு தடவ ஆன் பண்ணி...

— மூணு தடவ பண்ணிட்டீங்க. டிஸ்க் கடகடன்னு கத்துது, காதுல விழல?

— நான் என்ன பண்ணுவேன்? தேர் வருதுன்னு திடீர்னு நிறுத்திட்டான்.

— திடீர்னா? தேர் தெருவுல திரும்பினா கரண்ட்டை நிறுத்துவாங்கன்னு இந்த ஊர்ல யாருக்குத் தெரியாது? கல்யாண வீடியோவை இப்ப காபி போடாதீங்கன்னு காலையிலயே சொன்னேனா இல்லியா?

— முடிஞ்சுதுன்னு காட்டுச்சும்மா! அப்புறம்தான் கேமரா கார்டை அழிச்சேன். தேரைப் படம் எடுக்கணும்ல?

— முடிஞ்சுதுன்னு காட்டும். டிஸ்க் உள்ள எழுதி முடிக்க இன்னும் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதுக்குத்தான யூபிஎஸ்! எங்க அது? மேஜைக்கு அடியில இருந்துச்சே?

— அது... சர்வீஸுக்குப் போயிருக்கு.

— யார்கிட்ட?

— வேலூர்ல... ஒருத்தர்...

— இப்படி ஜன்னல்கிட்ட வாங்க. அன்னதானப் பந்தல் மைக்ல என்ன சொல்றாங்க?

— கூட்டம் ஜாஸ்தி... ஒண்ணும் கேக்கல.

— எனக்குக் கேக்குது. ‘யூபிஎஸ் தந்து உதவிய சல்மான் ஸ்டூடியோவுக்கு நன்றி!’ தெருவே இருட்டானப்பவும் அவங்க மைக் மட்டும் நிக்கலியே!

— பந்தல் போட்ட வேடியப்பன் கேட்டான்... நல்ல காரியம், எப்படி முடியாதுன்றது?

— நல்ல காரியமா? மைக்ல உங்க பேர் வரணும்னு குடுத்தீங்க!

— சரி, கத்தாத...

— கல்யாணம் முடிஞ்ச மறுவாரமே கல்யாணப் பொண்ணு தமிழ்ச்செல்வியோட அப்பா தவறிட்டாரு. பொண்ணைத் தாரை வார்த்துக் குடுத்தப்ப அழுதாரே, அந்த முகத்தைப் பாக்கணும்னுதான் அவ அண்ணன் கீழ்பென்னாத்தூர்ல இருந்து வராரு. என்ன சொல்லப் போறீங்க?

— அந்தக் கார்டை விட்டா வேற எங்கயும் இல்லியே... கீதா, நீ அழிச்சிட்டன்னு சொல்லிடலாமா?

— என்னது?

— பொம்பளப் புள்ளன்னா ரெண்டு வார்த்த திட்டிட்டுப் போயிடுவாங்க. நான்னா கடைய உடைப்பாங்க.

— அஞ்சு வருஷமா உங்ககிட்ட வேலை பாக்கறேன். வாய் கூசல?

— ஐயோ, படியேறி வராரு! சொல்லுவியா, மாட்டியா?

— சொல்றேன். படம் பத்திரமா இருக்குன்னு சொல்றேன்.

— பைத்தியமா உனக்கு? எங்க இருக்கு?

— என் பையில. நேத்து கார்டை வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன்ல, அப்பவே ஒரு காபி எடுத்துட்டேன்.

— என்னைக் கேக்காமயா? எதுக்கு?

— வேங்கிக்கால்ல புது ஸ்டூடியோவுல வேலைக்குக் கூப்பிட்டாங்க. நான் செஞ்ச வேலையக் காட்டச் சொன்னாங்க. போலாமா, வேணாமான்னு இவ்ளோ நேரம் மனசே வரல பாய்... இப்ப நீங்களே முடிவு பண்ணிக் குடுத்துட்டீங்க.