ஆறு கூண்டுக்கு வெறும் எண்ணெய்

உக்காரல்லாம் வேணாம் மேடம், நின்னுக்கினே சொல்றேன். ஆமா, நாந்தான் போட்டேன். பன்னெண்டு எலிக்கும் மருந்துதான் போட்டேன். இப்ப இன்னான்றீங்க?

கை தவறி மாத்திட்டேன்னு எழுதிக் குடுக்கணுமா? யாரு சொன்னது, அந்த இளம்பரிதி சாரா? அவரு ஒழுங்கா இருந்தா நான் ஏன் ஊசி புடிக்கிறேன்? எலிக் கூண்டு கழுவ, தீனி வைக்க, அதுக்குத்தான என்ன எடுத்தீங்க? அக்கா கல்யாணம்னு ஒரு வாரம் ஊருக்குப் போனாரு. உன் கைதான் நடுங்காது சுடர்விழி, நீயே போட்டுடுன்னு சிரிஞ்ச நீட்டுனாரு. அப்ப இனிச்சுது. இப்ப பிஎச்டி போச்சுன்னு குதிக்கிறாரு. குதிக்கட்டும்!

தெரியாமப் பண்ணல. ஆறு வருசமா பாக்கறேன், எனக்கா தெரியாது? சினை எலிக்கு எட்டாம் நாளு, கர்ப்பப்பைய வுட்டுட்டு சினைப்பைய மட்டும் அறுத்து எடுத்துடுவீங்க. அதுல ஊறுற ஹார்மோன் நின்னுதுன்னா குட்டி தங்காது. செவப்பு அட்டை மாட்டுன ஆறு கூண்டுக்கு அந்த ஹார்மோன எண்ணெயில கலந்து தெனம் ஊசி. குட்டி நிக்கும். வெள்ளை அட்டை ஆறுக்கும் ஊசிதான், ஆனா வெறும் நல்லெண்ணெய். ரெண்டு நாள்ல எல்லாம் கலைஞ்சி, உமியெல்லாம் ரத்தம். அத வாரிக் கொட்றது யாரு, நீங்களா?

கலையும்னு புத்தகத்துலயே இருக்குதாமே, சாரே சொன்னாரு. தெரிஞ்சத இன்னொரு வாட்டி பாக்க ஆறு வயித்தக் காலி பண்ணணுமா? நல்லா இருக்குதே உங்க படிப்பு!

இன்னா? கடைசில எல்லாத்தையும் அறுக்கத்தான போறோம், பரிதாபப்பட்டு இன்னா ஆச்சுன்றீங்களா? தெரியும் மேடம். நேத்து அறுக்கும்போது தட்டு புடிச்சிக்கினு நின்னதே நாந்தான். பன்னெண்டு வயித்துலயும் குட்டி உசுரோட இருந்துச்சு. ஒண்ணு கூட கலையல.

வேலைய விட்டுத் தூக்கறதுன்னா தூக்குங்க. கை தவறிடுச்சின்னு மட்டும் எழுத மாட்டேன்.

ஏன்னு கேக்குறீங்களா? எனக்கு முன்ன ரெண்டும் எட்டாவது வாரத்துலதான் போச்சு. இது மூணாவது. ஏழாவது வாரம் நடக்குது, இங்க யாருக்கும் சொல்லல. டாக்டரம்மா அதே ஹார்மோனத்தான் எனக்கும் எழுதிக் குடுத்திருக்காங்க, தெனம் ஒரு ஊசி. காலையில சேதராப்பட்டுல நர்சம்மாகிட்ட அதப் போட்டுக்கினு, பஸ் ஏறி வந்து, அதுங்களுக்கு வெறும் எண்ணெய் போடணும்னா, உங்களால முடியுமா மேடம்?