தொரை தூங்குறாக

வேணும்னு நிறுத்துவேனா ஏட்டையா? நீங்களே பாருங்க. இங்கிட்டுப் பாறை, அங்கிட்டுக் கெடுபள்ளம். இப்படி வளைவுல லாரியக் குறுக்க நிறுத்திட்டு நிக்கிறதுக்கு எனக்கென்ன கிறுக்கா? எஞ்சின் சூடேறிப்போச்சு. ஆறுனாத்தான் கெளம்பும். பின்னாடி கார்ல உக்காந்திருக்கிற தொரைகிட்டச் சொல்லுங்க, ஆரன் அடிச்சா எஞ்சின் ஆறாதுன்னு. வேணாம், வேணாம், சொல்லாதீக. அவரு எஸ்டேட்டு லோடுதான் ஏத்தியாந்திருக்கேன், அவரு சோத்தத்தான் திங்கிறேன். நீங்க இப்படிக் கல்லு மேல உக்காருங்க. பீடி வேணுமா?

சாக்கு அம்புட்டையும் எறக்கிப் பாத்தாச்சுல்ல? எல்லாம் ஏலக்காதான். அதுக்குள்ள ஒரு பொம்பளப்பிள்ள ஒளிஞ்சிருந்தா, வாடைக்குத் தும்மித் தும்மியே மாட்டிக்கிரும்.

பேரா? உக்கிரபாண்டி. ஊரு சிலமலை. ஒம்பது வருசமா இந்த எஸ்டேட்டுல லாரி ஓட்டுறேன்.

காணாமப்போன மிஸ்ஸியத் தெரியுமாவா? நல்லாக் கேட்டீக போங்க. நீங்க போன மாசந்தான் போடிக்கு மாத்தி வந்தீகளாம், அதான் கேக்குறீக. எல்லன் மிஸ்ஸியத் தெரியாத ஆளு இந்த மலையில கெடையாது. தொரைக்கு ஒரே மக. அஞ்சு வயசுல சீமையிலருந்து வந்துச்சு. வந்த ரெண்டாம் வருசமே தாயிக்காரி காய்ச்சல்ல போயிட்டாக. அந்தம்மா பாடுன சீமைப் பாட்டெல்லாம் பிள்ளைக்கு மனப்பாடம். ஆடு மேய்க்கிறவன் பாட்டு, மீன் பிடிக்கிறவன் பாட்டு, இப்படி. யாரு கட்டுனதுன்னே தெரியாதாம், அவுக ஊர்ல ஆளாளுக்குப் பாடுவாகளாம். நம்ம கும்மிப்பாட்டு மாதிரின்னு வச்சுக்கங்க.

கொடைக்கானல்ல படிச்சு முடிச்சுட்டு கிட்டாரோட திரும்பி வந்துச்சு. அப்புறம் சொந்தமாவே பாட்டுக் கட்ட ஆரம்பிச்சிருச்சு. காயெடுக்கிற பொம்பளைக கூட மழையில குத்தவச்சுப் பேசிக்கிட்டிருக்கும். மறுநாளு ஒரு பாட்டோட வந்து நிக்கும். பாட்டு இங்கிலீசு, நடுவுல நடுவுல நம்ம பேச்சு வரும். வெரசா வெரசான்னு கங்காணி வெரட்டுறத அப்படியே பாடும். பொம்பளைக சிரிச்சு உருளுவாளுக.

சும்மா பாட்டுன்னு நெனைக்காதீக. போடியில ஏலக்கா யாவாரம் பண்ற யோசேப்பு அண்ணாச்சி கூப்பிட்டு, கிறிஸ்மசுக்குச் சர்ச்சுல பாடுச்சு. கொழும்பு ரேடியோவுல ஒருதரம் பாடுச்சு ஏட்டையா! தொரைதான் கூட்டிட்டுப் போனாரு. அண்ணாச்சி கடை வாசல்ல ரேடியோவ வச்சு, பஜாரே கூடி நின்னோம். ஒரு எழவும் புரியல. ஆனா எங்க வீட்டுப் பிள்ளை பாடுற மாதிரி நெஞ்சு நெறைஞ்சு போச்சு. தொரைக்கும் அன்னைக்குப் பெரும தாங்கல. பொய் சொல்லக்கூடாது.

எதுல கெட்டுச்சா? பொன்னுமணியில.

அவளும் காயெடுக்கிறவதான். ரெண்டு வருசம் முந்தி, ஐப்பசி மாசம், செடித் தூர்ல கைய விட்டா. விரியன் போட்டுருச்சு. மத்தியானம் ரெண்டு மணி. என் லாரி ஒர்க்சாப்புல கெடக்கு. பங்களாவுல ஜீப்பு நிக்குது, எடுக்கணும்னா தொரை உத்தரவு வேணும். தொரை சாப்பிட்டுப் படுத்திருக்காரு. தூங்குற தொரைய எழுப்பக்கூடாது, அது அந்த மலையில சட்டம். யாரும் எழுதி வைக்கல. பட்லரு ஒச்சப்பன் வாசப்படியில நின்னு வாயில வெரல வச்சான். தொரை தூங்குறாக. கங்காணியும் அதையே சொன்னான். அவளக் கட்டில்ல போட்டுக்கிட்டு வாசல்லயே நின்னோம். அம்பது பேரு, ரெண்டு மணி நேரம். ஒருத்தன் கதவத் தட்டல. நானுந்தான் தட்டல. தொரை முழிச்சாரு, கேட்டவுடனே ஜீப்பக் குடுத்தாரு, அதையும் சொல்லணும். போடிமெட்டு தாண்டல, போயிட்டா.

அவ எனக்கு என்ன ஒறவுமொறையா? கூடப்பொறந்த தங்கச்சி.

மிஸ்ஸி அன்னைக்கு ஊர்ல இல்ல. வந்ததும் எங்கிட்ட ஒண்ணு விடாம விசாரிச்சுச்சு. பாட்டுக் கட்டிருச்சு. கட்டுனத நாங்க கூலிக்காரக குடியிருக்கிற லைன் வீட்டோட வச்சிருக்கலாம். தொரைமாரு கிளப்புல விருந்து, அத்தன பேரும் கிளாசும் கையுமா இருக்கையில பாடிருச்சு. கார் டிரைவருக்குக் காய்ச்சல்னு அன்னைக்கு நான்தான் ஓட்டிட்டுப் போனேன், சன்னலண்ட நின்னு கேட்டேன். இங்கிலீசுல என்னமோ போகுது, ஒவ்வொரு அடியும் தமிழ்ல வந்து முடியுது. தொரை தூங்குறாக. மொதல்ல எல்லாரும் தாளம் போட்டாக. அப்புறம் ஒவ்வொரு கையா நின்னுச்சு. எந்தங்கச்சிக்காக அந்த மலையில வாயத் தொறந்தது அந்தப் பிள்ளை ஒண்ணுதான்.

மறுநாளே கிட்டாரு அடுப்புக்குப் போச்சு. கிளப்புக்குப் போகக்கூடாது, லைனுக்கு வரக்கூடாது, போடிக்கு எறங்கக்கூடாது. சன்னலுக்குக் கம்பி போட்டாரு. ஒண்ணரை வருசம் அந்தக் கம்பியப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். நான் லோடு ஏத்தயில தலையத் தூக்கிப் பாப்பேன், பாத்துட்டுக் குனிஞ்சுக்குவேன். சீமையில பாட்டுப் பிளேட்டுப் போடுற கம்பெனிக்காரன், வந்து பாடு, கப்பல் சீட்டு அனுப்புறேன்னு எழுதுனான். பங்களாவுக்கு வந்தா தொரை கையிலதான சிக்கும், அதனால அண்ணாச்சி கடை விலாசத்துக்கு வந்துச்சு. மேல யாரு கொண்டாந்ததா? யாரோ கொண்டாந்தாக.

மிஸ்ஸிக்குப் புத்தி சரியில்லன்னு தொரை எழுதிக் குடுத்திருக்காரா? குடுப்பாரு. மெட்ராசுல பைத்தியக்கார ஆஸ்பத்திரியில சேக்கப்போறாகன்னு ஒச்சப்பன் அழுதான். நாளைக்கு வெள்ளிக்கிழமை, நாளைக்குத்தான் கெளம்புறதா இருந்துச்சு. இருபத்திரெண்டு வயசு. நீங்களே சொல்லுங்க, பைத்தியம் அந்தப் பிள்ளையா, அன்னைக்கு வாசல்ல நின்ன நாங்களா? தொரை மேல கோவமில்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா எம்மேல அதவிடக் கோவம். கண்ண மூடுனா அந்தக் கதவுதான் வருது. நான் அங்கனயேதான் நிக்கிறேன் இன்னும்.

மணி என்னங்கய்யா? அஞ்சே முக்காலா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க. சரி. அப்ப மதுர ரயிலு போடிய விட்டுருக்கும்.

பதறாதீக, உக்காருங்க. இன்னைக்கு விடியக்காலம் யாரோ பங்களாக் கதவத் தொறந்துவிட்டாக. ரெண்டு பொம்பளைக தலைச்சுமையோட ஒத்தையடிப் பாதையில எறங்குனாக. மொகத்துல கரி, மேல முக்காடு. ஒருத்தி எம்பொண்டாட்டி மூக்கம்மா. அவளுக்கு இருந்ததே ரெண்டு சீல, அதுல ஒண்ணு மிஸ்ஸி மேல இப்ப ரயில்ல போகுது. மதுரைக்கு அங்கிட்டு எங்கன்னு நான் கேட்டுக்கல.

இந்தாங்க, சாவி. எஞ்சினுக்கு ஒரு நோவும் இல்ல. வண்டிய ஓரங்கட்டட்டுமா?