கோபாலசாமி வீட்டுக் கல்யாணத்துக்கு நான் எழுதிக் கொடுத்த தாள்

மனித குலத்தின் விதி நான்கே எழுத்துகளில் எழுதப்பட்டிருக்கிறது. டல்லாஸ் வட்டாரத் தமிழர்களில் அந்த மரபணு எழுத்தை வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று சங்கத்தில் சொல்லிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை. பொங்கல் விழாவில் முன்வரிசை நாற்காலி கிடைக்கும். முதுகுவலிக்காரனுக்கு நாற்காலி பெரிய விஷயம்.

ரிச்சர்ட்சனில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. குழாய்களில் பெயர்ச்சீட்டு ஒட்டுவது என் பொறுப்பு. வெளியே டாக்டர் வெள்ளியங்கிரி. யார் முதலில் அப்படிக் கூப்பிட்டார்களோ, திருத்தச் சோம்பலாக இருந்தது.

1997இல் பிளானோ கோபாலசாமி தன் மகன் சபரிக்குத் தன் தங்கை மகள் வான்மதியைப் பேசி முடித்தார். வான்மதியின் தம்பி பொள்ளாச்சியில் ஏழு வயதில் ரத்தசோகையில் போனவன். அதனால் அவள்தான் பரிசோதனை கேட்டாள். கோபாலசாமி என்னிடம் வந்தார்.

"ஜாதகம் பத்துக்கு ஒம்பது பொருத்தமுங்க டாக்டர். இவ ஜீனும் பாத்தாத்தான் கழுத்த நீட்டுவாளாம். நீங்களே செக் பண்ணிக் குடுத்துருங்க. பத்திரிகைல உங்க பேரப் போட்டாச்சு, வாழ்த்துரை நீங்கதான்."

இருவர் ரத்தத்தையும் வேறு பெயர் ஒட்டி வரிசைக்குள் நுழைத்தேன். முடிவு வந்தது. இருவருக்கும் ஒரே மரபணுவில், ஒரே இடத்தில், ஓர் எழுத்து மாறியிருந்தது.

செல் என்பது கேள்வி கேட்காத குமாஸ்தா. மரபணுவின் நகல் வந்ததும் மும்மூன்று எழுத்தாக வாசித்துப் புரதத்தைக் கோத்துக்கொண்டே போகும். நடுவில் தப்பாக 'நிறுத்து' என்றிருந்தால் அங்கேயே நிறுத்திவிடும். ரத்தத்தைச் சிவப்பாக்கும் புரதம் அரைகுறையாக நிற்கும். தாய், தகப்பன் இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் இந்தப் பிழை வந்தால் பிள்ளை சமாளித்துக்கொள்ளும். இருவரிடமிருந்தும் வந்தால், வான்மதியின் தம்பிதான்.

அதை அப்படியே எழுதியிருக்கலாம். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்கள். அங்கே யார் இந்த டாக்டர் என்று கேட்பார்கள். கூடத்தின் பெயர் அச்சிட்ட தாளில் 'குறை ஏதுமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நாலில் ஒரு பங்குதானே ஆபத்து. ஜாதகத்தைவிட அது நியாயமான கணக்கு.

கல்யாணத்தில் இருபது நிமிடம் பேசினேன்.

அடுத்த வருஷம் வான்மதி போன் செய்தாள், நாலு மாதம் என்று. "அங்கிள், ஹாஸ்பிட்டல்ல தம்பிக்கு இருந்த அந்த தலசீமியாவுக்கு டெஸ்ட் பண்ணணுமாங்கறாங்க. உங்க ரிப்போர்ட்ட காட்டினா போதுமில்ல?"

"போதும்மா."

காட்டினாள். எழுதியிருந்ததை அவர்களும் நம்பினார்கள், செல்லைப் போலவே.

வான்மதியின் குழந்தை வெண்பாவுக்கு இப்போது ஒன்றரை வயது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றுகிறார்கள். ஊசி குத்த நரம்பு அகப்படுவதில்லையாம். பார்க்கப் போனேன். கோபாலசாமி எழுந்து தன் நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார். "எல்லாம் எங்க தலையெழுத்துங்க டாக்டர். நீங்க பாத்துச் சொல்லியும் இப்படி ஆயிருச்சு." நான் உட்கார்ந்தேன். முதுகு வலித்தது.

இவ்வளவையும் சொல்வதற்கே அசதியாக இருக்கிறது. நல்ல காரியம் நின்றுவிடக் கூடாது என்றுதான் நினைத்தேன். பட்டம் எங்கே வாங்கினேன் என்று கேட்பீர்கள். கோயம்புத்தூரில் எம்.எஸ்ஸி. சேர்ந்தேன், முடிக்கவில்லை. மரபியல் தாள் மட்டும் அரியர்.