ஒரு வீட்டுக்கு மட்டும் கேட்ட குரல்

உள்ளே வந்து உட்கார்ந்ததும் என் தமிழைப் பாராட்டினீர்கள், தியாகராஜா ஐயா. "புந்தோங்கில ரேடியோ திருத்துற ஆள் இவ்வளவு வடிவாத் தமிழ் கதைப்பீர் எண்டு நான் நினைக்கேல்லை" என்றீர்கள். யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் அப்படிச் சொல்வது எனக்குச் சிறிய விஷயம் அல்ல. நன்றி.

இந்தத் தமிழை நான் பள்ளியில் படிக்கவில்லை. சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன் நான். வானொலியில் செய்தி வாசிப்பவர் சொல்லும் வாக்கியங்களை மனத்தில் வைத்துக்கொண்டு, மறுநாள் பால்மரங்களுக்கு நடுவே நின்று சொல்லிப் பார்ப்பேன். அங்கே கேட்டுச் சிரிக்க ஆள் இல்லை. வீட்டில் ஒருநாளும் அப்படிப் பேசியதில்லை. வீட்டில் யார் அப்படிப் பேசுகிறார்கள்?

உங்கள் தொலைத்தொடர்பு இலாகாவுக்கு வேண்டியது ஒரே பதில் என்று தெரியும். உரிமம் இல்லாமல் ஒலிபரப்பினேனா? ஆமாம். மேசைமேல் இருக்கும் பெட்டி என்னுடையது. நானே செய்தது. எதற்காகச் செய்தேன் என்பதையும் எழுதிக்கொண்டால், அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை என்பது உங்களுக்கு விளங்கும்.

தோட்டத்தைத் துண்டுபோட்டு விற்றபோது லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆட்கள் திசைக்கொருவராகப் போனார்கள். நான் ஈப்போவுக்கு வந்து, சீனத் தவுக்கே முதலாளி ஒருவரின் ரேடியோ கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கேதான் இருளாயியைக் கட்டிக்கொண்டேன் என்று சொல்வார்கள். இல்லை, அவள் எங்கள் தோட்டத்துப் பெண். அடுத்த லயம். புந்தோங்கில் ஒரு பலகை வீட்டில் குடியேறினோம். பின்னறையில் என் பட்டறை. கூடத்தில் ஒரு பழைய வால்வு ரேடியோ, நல்ல பெரிய ஸ்பீக்கர் உள்ளது. அவளுக்குப் பாட்டு என்றால் உயிர். கேசட் பிளேயர் பட்டறையில், நல்ல ஸ்பீக்கர் கூடத்தில். நடுவே கம்பி இழுத்தால் அவள் தடுக்கி விழுவாள். அதனால்தான் இந்தப் பெட்டி. கேசட்டின் சத்தத்தை இது காற்றில் அனுப்பும், கூடத்து ரேடியோ பிடித்துக்கொள்ளும். பெட்டியை நிலையத்தின் அலைவரிசையிலேயே வைத்துவிட்டால், கோலாலம்பூரிலிருந்து வருவது அமுங்கிப்போகும். உங்களுக்குத் தெரியாததா? பக்கத்தில் இருப்பவன் முணுமுணுத்தாலும் தூரத்தில் கத்துகிறவனை மறைத்துவிடுவான். வீட்டைத் தாண்டினால் அந்த முணுமுணுப்பும் இல்லை.

கம்பியே இல்லாமல் பாட்டு சுவர் தாண்டி வருவதை அவளுக்கு நான் விளக்கவில்லை. ரேடியோவில் வருகிறது என்றே நினைத்தாள். அவள் கேட்கவும் இல்லை.

அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நேயர் விருப்பத்தில் தன் பெயரைப் படிக்க வேண்டும். வாரம் தவறாமல் கார்டு போடுவாள். பெயர் வராது. ஆயிரம் கார்டுகள் போகிற இடம், அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவள் வேறு காரணம் வைத்திருந்தாள்.

"கலா, மாலதின்னு இருந்தா படிப்பாங்க. இருளாயின்னு பேரு வச்சா எவன் வாயத் தொறப்பான்?" என்றாள் ஒருநாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கண் சிரிக்கவில்லை.

நான் கேசட்டில் பேசிப் பதிவு செய்தேன். மோட்டாரின் வேகத்தைத் திருகாணியில் கொஞ்சம் குறைத்தேன், குரல் கனத்தது. ஆனால் அவள் என்னை அடையாளம் காணாததற்குக் காரணம் மோட்டார் அல்ல, ஐயா. தமிழ். "அடுத்து, ஈப்போ புந்தோங்கிலிருந்து விரும்பிக் கேட்டிருப்பவர், இருளாயி சீனி" என்று சொல்லும் மனிதன் எங்கள் வீட்டில் இல்லை. எங்கள் வீட்டில் இருப்பவன், "புள்ள, கோப்பி கொண்டா" என்கிற சீனி.

அந்த ஞாயிறு கேசட்டை ஓடவிட்டுக் கூடத்தில் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பெயர் வந்தது. தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் அப்படியே நிறுத்தினாள்.

"என்னாங்க! எம் பேரு! கேட்டீங்களா?"

"கேட்டேன் புள்ள. நல்லாப் படிச்சான்."

அவள் சிரித்தாள். கல்யாணத்தன்றுகூட அப்படிச் சிரித்ததில்லை. அந்தச் சிரிப்பை நீங்கள் பார்த்திருந்தால் அடுத்த ஞாயிறும் அதையே செய்திருப்பீர்கள்.

பக்கத்து வீட்டில் ராக்காயி. எலெக்ட்ரானிக் கம்பெனியில் வேலை, வாய் கொஞ்சம் நீளம். இருளாயி வேலிக்கு ஓடிப்போய்ச் சொன்னாள்.

"நானும் அதத்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன். ஒன் பேரு வரலயே அக்கா," என்றாள் ராக்காயி. "அந்த நேரம் ஒரு விசில் சத்தந்தான் வந்திச்சு. ஒனக்குன்னு தனி ஸ்டேஷன் வச்சிருக்காங்களா லா? அண்ணே, என்னா மாயம் பண்ணுறீங்க?"

விசில் சத்தம் ஏன் வந்தது என்று உங்களுக்கு உடனே புரிந்திருக்கும். இரண்டு அலைகள் உரசினால் வருவது. நானும் அங்கேதான் நின்றேன். அந்த இடத்தில் சிரித்துக்கொண்டே உண்மையைச் சொல்லியிருக்கலாம். இருளாயி என் முகத்தைப் பார்த்தாள். தன் பெயரைப் படித்தது புருஷன்தான் என்று தெரிந்தால் அது பெயர் படித்ததாகுமா? அவளுக்காகத்தான் பேசாமல் இருந்தேன்.

பிறகு அந்தக் கம்பெனி பஸ் வந்தது.

ராக்காயிதான் ஏற்பாடு செய்தாள். ஆள் எடுக்கிறார்கள், அக்காவும் வரட்டும் என்றாள். இருளாயி இரண்டு நாள் என்னைச் சுற்றிச்சுற்றி வந்தாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் அவளை அதட்டியதும் இல்லை, கை ஓங்கியதும் இல்லை. புந்தோங்கில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். ஆனால் லயத்து வீடுகள் எப்படிக் காலியாயின என்பதைக் கண்ணால் பார்த்தவன் நான். முதலில் ஒருத்தி வெளிவேலைக்குப் பஸ் ஏறுவாள். பிறகு வரும் நேரம் மாறும். பிறகு துணிப்பை பெரிதாகும். ஒருநாள் கதவு திறந்து கிடக்கும், உள்ளே கோழி மேயும். எங்கள் வீட்டில் கோழி மேய்வதை நான் பார்க்க விரும்பவில்லை.

அந்த ஞாயிறு பெயர் படித்த பிறகு குரல் சில வார்த்தைகள் கூடுதலாகச் சொன்னது. "இல்லத்தை ஒளிபெறச் செய்வது பெண்மணி. வெளியே தேடும் நிறைவு உள்ளேயே இருக்கிறது, இருளாயி அவர்களே." அவ்வளவுதான். மறுநாள் பஸ் வந்து நின்று, ஹாரன் அடித்துப் போனது. அவள் வாசலுக்கே போகவில்லை.

நான் சொல்லியிருந்தால் சண்டை வந்திருக்கும். குரல் சொன்னதும் அவள் கேட்டுக்கொண்டாள். வீட்டில் ஒரு கடுஞ்சொல் இல்லை. இதைவிட அமைதியான குடும்பம் உண்டா என்று அப்போது நினைத்தேன். பிறகு குரல் ராக்காயியிடம் அதிகம் பேச வேண்டாம் என்றது. அண்ணன் வீட்டுக்கு அடிக்கடி போக வேண்டாம் என்றது. எல்லாம் மரியாதையாக, 'அவர்களே' போட்டுத்தான்.

இருளாயிக்கு உடம்பு மெலிந்தது. ரேடியோவை விட்டு அசையமாட்டாள். ஆனால் யாரையாவது கூட்டி வந்து கேட்க வைக்க வேண்டும் என்ற பிடிவாதம் மட்டும் போகவில்லை. ஆள் இருக்கும்போது நான் பெட்டியை முடுக்கமாட்டேன். அவளுடைய அண்ணன் அர்ச்சுனன், லாரி ஓட்டுகிறவன், ஒரு ஞாயிறு முழுவதும் ரேடியோ முன்னால் உட்கார்ந்திருந்தான். பாட்டு வந்தது, யார் யார் பெயரோ வந்தது. இவள் பெயர் வரவில்லை. அவன் என்னைத் தனியே கூப்பிட்டான்.

"மச்சான், இது நல்லதுக்கு இல்ல. தஞ்சோங் ரம்புத்தானுக்குக் கூட்டிப் போயிருவோம்."

அந்த மனநல மருத்துவமனையின் பெயரைச் சொல்லி நாம் எத்தனை பேரைக் கேலி செய்திருப்போம். அன்று அவன் கேலி செய்யவில்லை. அழுதான்.

மருத்துவமனையில் யாரும் தவறு செய்யவில்லை. இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். டாக்டர் பொறுமையானவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில் என் பக்கம் திரும்பி மலாயில் கேட்டார். அந்தக் குரலை வீட்டில் வேறு யாராவது கேட்டதுண்டா?

இருளாயிக்கு மலாய் புரியும். என் சட்டைக் கையைப் பிடித்தாள். "சொல்லுங்க. நீங்களும் கேட்டீங்கதானே. எம் பக்கத்துலதானே குந்தியிருந்தீங்க."

"தீடாக்" என்றேன். மலாயில் இல்லை என்பதற்கு அந்த ஒரு சொல் போதும்.

அவள் கை சட்டையிலிருந்து நழுவியது.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள், ஐயா. எழுதுங்கள். அந்த நேரத்தில் வேறு என்ன சொல்ல முடியும் என்று யோசித்துப் பாருங்கள். ஆமாம் என்றால் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெட்டியைப் பற்றிச் சொன்னால் அவள் அண்ணனோடு லாரியில் ஏறிவிடுவாள். இங்கே இருந்தால் ஞாயிறுதோறும் போய்ப் பார்க்கலாம். எங்கே இருக்கிறாள் என்பதாவது தெரியும்.

தவறாமல் போனேன். தேங்காய்ப்பால் சோறு, நாசி லெமாக், கட்டிக்கொண்டு போவேன். அங்கே வேலை செய்யும் நவமணி என்கிற அம்மா, "ஒங்களமாரிப் புருசன் யாருக்குக் கெடைக்கும்" என்பார்.

சில மாதங்களில் இருளாயி தெளிந்துவிட்டாள். அதாவது, குரல் எதுவும் வரவில்லை, எல்லாம் தன் நினைப்புதான் என்று டாக்டரிடம் தானே சொல்ல ஆரம்பித்தாள். அனுப்பிவிடலாம் என்றார்கள். நான் புதுச் சேலை வாங்கிக்கொண்டு போனேன். அவள் மடியில் வாங்கி வைத்துக்கொண்டு சொன்னாள்.

"கோவிச்சுக்காதீங்க. நான் அண்ணன் வீட்டுக்குப் போறேன். அந்த வீட்டுக்கு வந்தா மறுபடியும் கேக்கும். எனக்குப் பயமா இருக்கு."

உங்களுக்குப் பிள்ளைகள், சொந்தம் எல்லாம் இருக்கும். எனக்கு அவள் ஒருத்திதான். அன்று புந்தோங் திரும்பி, கூடத்தில் நின்று பார்த்தேன். ரேடியோ இருந்தது. அதன்முன் அவள் உட்காரும் பலகை இருந்தது. பட்டறைக்குப் போய்ப் பெட்டியைப் பேட்டரியில் ஓடும்படி மாற்றினேன்.

அவளை அண்ணன் அழைத்துப் போக இன்னும் நாள் இருந்தது. அடுத்த ஞாயிறு மருத்துவமனைக்குப் போய் அவளுக்கு ஒரு சின்ன டிரான்சிஸ்டர் ரேடியோ கொடுத்தேன். பொழுது போகும் என்றேன். தயங்கித் தயங்கி வாங்கினாள். அவள் நவமணியோடு அஞ்சடித் தாழ்வாரத்தில் உட்கார்ந்ததும் நான் விடைபெற்று, வேலிக்கு வெளியே மரத்தடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினேன். பெட்டி பைக்குள். கேசட் இல்லை, மைக் மட்டும். குனிந்து பேசினேன்.

"கேட்டுக்கொண்டிருக்கும் இருளாயி அவர்களே. தங்கள் இல்லம் தங்களுக்காகக் காத்திருக்கிறது."

அவள் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டாள். அங்கிருந்தே தெரிந்தது. எனக்குக் கஷ்டமாக இருந்தது. அதனால் குரலைத் தணித்து, இன்னும் மென்மையாகப் பேசினேன். தங்கள் கணவர் உண்ணவில்லை, உறங்கவில்லை என்றேன். அது பொய் அல்ல. அவள் தலையை மடியில் புதைத்தாள். நிமிரவே இல்லை. அப்போதுதான் என் வாய் தவறியது.

"வந்துரு புள்ள. நான் எங்க போவேன்? நாளைக்கு வாரேன், வந்துரு புள்ள."

அவள் கைகள் மெல்ல இறங்கின. ரேடியோவைப் பார்த்தாள். நவமணி பக்கம் திரும்பிக் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்து அமைதியில் எனக்கு நன்றாகக் கேட்டது.

"அக்கா, இது ஒங்களுக்கும் கேக்குதா?"

"கேக்குதே. யாரோ ஒருத்தர் புள்ள, புள்ளன்னு ஒன்னக் கூப்புடுறாரு. என்னா நாடகமா?"

இருளாயி எழுந்தாள். நேராக வேலிக்கு வந்தாள். பையைப் பார்த்தாள், என் கையிலிருந்த மைக்கைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"அப்ப, இத்தன நாளும் எம் பேர நீங்க மட்டுந்தான் படிச்சீங்களா?" என்றாள்.

நவமணி டாக்டரிடம் சொல்ல, அவர் உங்கள் இலாகாவுக்குத் தெரியப்படுத்த, நீங்கள் வந்திருக்கிறீர்கள். அவளை அர்ச்சுனன் சுங்கை சிப்புட்டுக்குக் கூட்டிப் போய்விட்டான். என்னை வாசலில் கண்டால் லாரியை ஏற்றுவேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறான்.

ஆகவே, என் வாக்குமூலம் இதுதான். உரிமம் இல்லாமல் ஒலிபரப்பினேன். நல்ல நினைவோடு இருந்த என் மனைவிக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று ஊரை நம்ப வைத்தேன், அவளையும் நம்ப வைத்தேன். தெரிந்தேதான் செய்தேன். உங்கள் சட்டத்தில் முதலாவதற்குத்தான் தண்டனை இருக்கிறது. அபராதம் விதித்தால் கட்டுகிறேன்.

எனக்கு ஒரு விவரம் மட்டும் தேவைப்படுகிறது. முறைப்படி உரிமம் கேட்டு விண்ணப்பித்தால், சுங்கை சிப்புட்வரை எட்டும் பெட்டிக்குக் கொடுப்பீர்களா? அங்கே அவள் பெயரை வானொலியில் படிக்க யாரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் காத்திருப்பாள். நடந்ததில் பிழை என்று பார்த்தால் 'புள்ள' என்ற அந்த ஒரு சொல்தான், ஐயா. இனி அது வராது. என் தமிழ் நன்றாக இருக்கிறது என்று நீங்களே சொன்னீர்கள்.